தோண்டாத வேரும் பூசைதான்

திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் ஆண்டாள் கேட்கும் மழைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மாதம் மூன்று மழை வேண்டும் என்பதோடு அவள் நிறுத்தவில்லை. அது நாட்டில் எவருக்கும் கேடு செய்யாமல் பெய்ய வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறாள். அடுத்த பாசுரமும் மழையைப் பற்றியதுதான். மழைக்குரிய தெய்வத்தை அழைத்து, கடலுக்குள் புகுந்து நீரை முகந்து வந்து உலகம் பிழைக்கும்படி பெய்யச் சொல்கிறாள். மார்கழி முப்பது நாளும் இவற்றைப் பாடுகிற ஊர்களில் மழை நினைவில் நிற்கிறது, நிபந்தனை நழுவிவிடுகிறது. வானம் பார்த்த சீமையில் அது இயல்புதான். பெய்தால் போதும் என்று இருப்பவனுக்கு எப்படிப் பெய்தது என்று கேட்கத் தோன்றாது. ஆனால் வள்ளுவரும் வான்சிறப்பில் மழையின் இரண்டு முகத்தையும் காட்டியிருக்கிறார்: கெடுப்பதும் அதுவே, கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் அதுவே. அப்படியானால் மழையின் கேடு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா, அது வந்து விழும் தரையிலிருந்தா? கேட்பதற்கு வேளாண் கேள்வி போலத் தோன்றினாலும் இது வழிபாடு பற்றிய கேள்வி. கேடு வானத்தில் இருந்தால் வேண்டுவதைத் தவிர நமக்கு வேலை இல்லை. தரையில் இருந்தால், கேடில்லாத மழையை வேண்டுகிறவனுக்கு வேண்டிய அந்தக் கணத்திலேயே ஒரு பொறுப்பும் வந்து சேருகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்க மம்சாபுரம் பொருத்தமான இடம். ஆண்டாள் அவதரித்த திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய பேரூர் அது. மேற்கே மலை, அதன் காலடியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கிழக்கே போகப்போகக் கண்மாய்ப் பாசன வயல்கள், அதற்கும் அப்பால் கரிசல் என்று நிலம் படிப்படியாக இறங்குகிறது. மலைப்பக்கம் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2021இல் அது திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அந்தக் காட்டுக்குள் செண்பகத்தோப்பும் காட்டழகர் கோயிலும் இருக்கின்றன. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவம் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரே மேகம் காட்டின் மேலும் பெய்கிறது, காட்டுக்குக் கீழே உழுது போட்ட செவல் சரிவின் மேலும் பெய்கிறது. காட்டில் இலைச்சருகும் வேர்ப்பின்னலும் நீரை வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்து வரும் ஓடை பல நாள் ஓடும், கலங்கல் விரைவில் தெளியும். உழுத சரிவிலிருந்து வரும் நீர் செம்மண் குழம்பாக ஒரே மணி நேரத்தில் இறங்கி ஓடிவிடும். மழை ஒன்றே, விளைவு இரண்டு. கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது.

மீதி விடை ஒரு துளிக்குள் இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல். மூடாத மண்ணில் அது விழுந்தால் மண்கட்டி உடைந்து பொடி தெறிக்கிறது. தெறித்த நுண்பொடி மண்ணின் கண்களை அடைத்து மேலே ஒரு மெல்லிய ஓடு போலப் படிகிறது. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். சரிவில் நீர் சேரச்சேர முதலில் விரல் அகலக் கீறல், பிறகு முழங்கால் ஆழப் பள்ளம், கடைசியில் ஓடை. இந்தியாவில் இப்படி ஆண்டுக்கு 533 கோடி டன் மண் பெயர்கிறது என்று 1983இல் மண்வள அறிவியலாளர்கள் மதிப்பிட்டார்கள். ஏக்கருக்குச் சராசரியாக ஆறரை டன். மறுபுறம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. ஆக, மழை தன் இயல்பால் கேடு செய்வதில்லை. மூடாத மண்ணின் மேல், தடையில்லாத சரிவின் மேல் விழும்போது அது கேடாகிறது. அந்த மூடாமையும் தடையின்மையும் பெரும்பாலும் மனிதன் செய்தவை.

தடை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வரப்பு. மண்ணை வெட்டிக் குவித்துக் கரை போடுவது நம் ஊர்களில் அரசுத் திட்டங்களின் வழக்கமான வேலையும்கூட. வரப்பு நீரை எதிர்த்து நிற்கிறது. எதிர்த்து நிற்க முடியாத நாளில் ஓரிடத்தில் உடைகிறது. உடைந்த இடத்தில் அதுவரை தேங்கிய நீர் மொத்தமும் ஒரே வாய் வழியாகப் பாய்வதால், வரப்பே இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய பள்ளம் விழும். வெட்டிவேர்ப் புல்லின் வேலை வேறு விதம். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டக்கோட்டில் அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் தூர்களை நட்டுவிட்டால் இரண்டு மூன்று பருவத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து அடர்ந்த வேலியாகின்றன. வேர் பக்கவாட்டில் படர்ந்து பயிருடன் போட்டியிடுவதைவிட, செங்குத்தாக மூன்று மீட்டருக்கும் கீழே இறங்குவதையே விரும்பும். வேலி நீரை நிறுத்துவதில்லை. விறைத்த தண்டுகளின் ஊடாக வடிகட்டி அனுப்புகிறது. வேகம் இழந்த நீர் தான் சுமந்து வந்த மண்ணை வேலிக்கு மேற்புறத்தில் இறக்கிவைத்துவிட்டு, பரவலாக அடுத்த வேலிக்குப் போகிறது. மண் சேரச்சேர புல் தன் கணுக்களில் புது வேர் விட்டு அந்த மட்டத்துக்கு உயர்கிறது. சில ஆண்டுகளில் யாரும் மண்வெட்டி தொடாமலேயே சரிவு படிக்கட்டாகிவிடுகிறது. தளிர்க்கும் கண் தரைக்குக் கீழே இருப்பதால் தீ வைத்தாலும், ஆடு மேய்ந்தாலும், கோடையில் காய்ந்தாலும் திரும்பத் துளிர்க்கும்.

இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த உத்தி என்று நினைத்துவிடக் கூடாது. மைசூருக்குத் தெற்கே, நீலகிரி போகும் வழியில் உள்ள குண்டலுப்பேட்டையில் உழவர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக வெட்டிவேரை நிலத்தின் எல்லையாக வளர்த்துவந்திருக்கிறார்கள். 1950களில் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஜான் கிரீன்ஃபீல்டு என்ற மண் நிபுணர் சரிவுகளைக் காக்க இதே புல்லை வரிசையாக நட்டார். 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை செய்த அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும், கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட மண் வரப்புகள் சில ஆண்டில் கரைந்துபோவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய அனுபவத்தை இங்கே கொண்டுவந்தார்கள். பார்த்தால், புல்லுக்குச் சொந்த ஊரே இதுதான். 1993இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் உலகெங்கும் கிடைத்த சான்றுகளைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1991 முதல் இதைத் தன் நாட்டில் முன்னெடுத்தார். முதல் உலக வெட்டிவேர் மாநாடு 1996இல் அங்குள்ள சியாங்ராயில்தான் நடந்தது. தென்னிந்திய வகை வெட்டிவேருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அது முளைக்கக்கூடிய விதை தருவதில்லை. களையாகப் பரவும் அச்சம் இல்லை என்று உழவியலார் இதைப் பாராட்டுவார்கள். நம் கேள்விக்கு அதன் பொருள் வேறு. காற்றோ பறவையோ இந்த வேலியை நட்டுவிட முடியாது. உலகில் எங்கே ஒரு வெட்டிவேர் வரிசை நின்றாலும், அதற்குப் பின்னால் தூரைப் பிரித்து நட்ட ஒரு கை இருந்தாக வேண்டும். அது எப்போதும் ஒருவர் செய்த செயல். செயலென்றால் அது அறமா, பூசையா, வெறும் பிழைப்பா என்று கேட்கலாம்.

இந்தப் புல்லைத் தமிழர் அறிந்தது வேலியாக அல்ல, மணமாக. வெட்டிவேர் மாலை சாமிக்கு ஏறுகிறது; பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சாகக் கிடக்கிறது; கோடையில் சன்னலுக்குத் தட்டியாகிறது; எண்ணெயாகி அத்தருக்குள் போகிறது. இதற்கெல்லாம் வேண்டியது வேர். வேரை எடுக்கப் புல்லை அடியோடு தோண்ட வேண்டும், தோண்டினால் சுற்றியுள்ள மண் பொலபொலவென்று கழன்றுவிடும். கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான சமதளத்தில் அதனால் பெரிய இழப்பில்லை. அங்கே அது நல்ல பணப்பயிர். ஆனால் வெட்டிவேர் எண்ணெய்க்குப் பேர்போன ஹைட்டியில் மலைச்சரிவுகளிலும் வேரைத் தோண்டுகிறார்கள். மண்ணைக் காக்கத் தெரிந்த அதே புல், தோண்டப்பட்ட சரிவில் மண் அரிப்புக்குக் காரணமாகிறது. ஒரு வேர் ஒரே சமயத்தில் மாலையாகவும் வேலியாகவும் இருக்க முடியாது. இங்கேதான் வழிபாட்டைப் பற்றிய என் வாதம் தொடங்குகிறது. நாம் பூசை என்று சொல்லும்போது பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பதையே நினைக்கிறோம்: பூவைப் பறித்து, பழத்தை அறுத்து, வேரைத் தோண்டிக் கொண்டுபோய்ச் சந்நிதியில் வைப்பது. அது பூசையின் ஒரு பாதி. இருக்கும் இடத்தில் இருக்கவிடுவது இன்னொரு பாதி. மண்ணைத் தெய்வமாகக் கொண்டவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி விருப்பம்போலச் செய்யும் நற்செயல் அல்ல, நம்பிக்கையின் உள்ளிருந்தே எழும் கடமை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதற்கான ஆதாரத்தைத் திருவில்லிபுத்தூரே தருகிறது. வைணவ மரபில் ஆண்டாள் பூமிப்பிராட்டியின் அவதாரம். பெரியாழ்வாரின் நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில், மண்ணிலிருந்து கிடைத்தவள். பூமிப்பிராட்டியின் கதையோ வராக அவதாரத்தோடு பிணைந்தது. நிலம் நீருக்குள் மறைக்கப்பட்டதும், இறைவன் பன்றியாய்ப் புகுந்து அதைத் தன் கொம்பில் ஏந்தி மேலே கொண்டுவந்ததும் அந்தக் கதை. காலையில் எழுந்து தரையில் கால் வைக்குமுன், மிதிப்பதற்காக அவளிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வருவது இதுதான்: மண் இறைவனுக்கு உரியவள், அவள் நீரில் மூழ்குவது இறைவனே இறங்கி வந்து தீர்க்கும் அளவுக்குப் பெரிய துயரம், அவளைக் காலால் தொடுவதுகூட மன்னிப்புக்கு உரியது. இதை ஒப்புக்கொள்கிறவர் தன் சரிவிலிருந்து ஆண்டுதோறும் டன் கணக்கில் மண் நீருக்குள் போவதை வெறும் விளைச்சல் நட்டமாக எண்ணிவிட முடியாது. மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூழ்குவதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது பக்திக்குள்ளேயே உள்ள முரண்.

இதற்கு வலுவான முதல் மறுப்பு வைணவத்துக்குள்ளிருந்தே வரும். திருவில்லிபுத்தூர் கோயில் தென்கலை மரபைச் சேர்ந்தது. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் வழிவந்த அந்த மரபு, இறைவனின் அருள் காரணம் எதையும் எதிர்பார்க்காதது என்று வலியுறுத்துகிறது. தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லும் குட்டியைப் போல உயிர் சும்மா இருந்தால் போதும். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல உயிரும் ஒரு சிறு முயற்சி செய்ய வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையின் நிலை. தென்கலை அடியவர் கேட்கக்கூடும்: மழை அருள் என்றால் அதற்கு வேலி எதற்கு? கேட்டதைத் தருபவன் கேடில்லாமலும் தருவான். நடுவில் நாம் புல் நட்டு உதவுவது சரணாகதியில் விழுந்த ஓட்டை ஆகாதா? இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் தென்கலை ஆசாரியர்கள் மறுத்தது எதை என்று கவனிக்க வேண்டும். முயற்சியைப் பேறு பெறும் வழியாகக் கொள்வதைத்தான் அவர்கள் மறுத்தார்கள். தொண்டை அவர்கள் மறுக்கவே இல்லை. அவர்களுக்குக் கைங்கர்யம் விலை கொடுத்துப் பேற்றை வாங்கும் காசு அன்று, கைங்கர்யமே பேறு. உடைமை உடையவனுக்குச் செய்யும் இயல்பான செயல் அது. பெரியாழ்வார் பூக்கள் அருளால் தாமே மலரட்டும் என்று காத்திருக்கவில்லை. நிலத்தைக் கொத்தி, நீர் ஊற்றி, நந்தவனம் வளர்த்துத்தான் மாலை கட்டினார். அதனால் அவர் சரணாகதி குறைந்துவிட்டதாக எந்த ஆசாரியரும் சொன்னதில்லை. தோட்டத்தைப் பேணுவது கைங்கர்யம் என்றால், தோட்டம் நிற்கும் மண்ணைப் பேணுவது எப்படி அவநம்பிக்கை ஆகும்? அதோடு, வரப்பைப் போலப் புல்வேலி நீரை எதிர்ப்பதுமில்லை. வந்ததை முழுதும் ஏற்று, மண்ணை மட்டும் இறக்கிவைக்கச் சொல்லி அனுப்புகிறது. அருளை மறிக்காமல் அதன் கேட்டை மட்டும் நீக்கும் செயல் இதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு இலக்கியமும் உரையும் அறிந்தவர்களிடமிருந்து வரும். திருப்பாவையின் மழை வெறும் மழை அல்ல. அது ஞானத்தையும் ஆசாரியரின் கருணையையும் குறிக்கும். அதைச் செவல் காட்டில் கொண்டுபோய் இறக்குவது பாசுரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பார்கள். உட்பொருளை நான் மறுக்கவில்லை. ஆனால் பாவை நோன்பு நாட்டு மழைக்காக நோற்பது என்பதைப் பாசுரமே அடிப்படையாகக் கொண்டுள்ளது. அந்த மழையால் வருவதாக ஆண்டாள் அடுக்குவது ஓங்கி வளர்ந்த செந்நெல்லையும், நெல்லின் ஊடே துள்ளும் கயலையும், பூவுக்குள் உறங்கும் வண்டையும், குடம் நிறையப் பால் தரும் பசுக்களையும். இவை எல்லாம் மண் தன் இடத்தில் இருக்கும் ஊரில்தான் நடக்கும். மேல்மண் போன வயலில் நெல் ஓங்காது, மேடிட்ட கண்மாயில் கயல் துள்ளாது. மழை உண்மையிலேயே நன்மை செய்யும் பொருளாக இருப்பதால்தான் அது கருணைக்கு உவமையாகவும் ஆக முடிந்தது. அடியில் உள்ள பொருளை அழித்துவிட்டு உட்பொருளை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

மூன்றாவது மறுப்பு சமயத்துக்கு வெளியே இருப்பவர்களுடையது, எனக்கு மிகவும் சங்கடம் தருவதும் அதுதான். தெய்வம் என்று சொன்னதால் எந்த இயற்கைப் பொருள் இங்கே பிழைத்தது? கங்கை தெய்வம், வைகை தெய்வம், தாமிரபரணி தெய்வம். மூன்றிலும் சாக்கடை கலக்கிறது. புனிதம் என்ற சொல் காப்பாற்றுவதற்குப் பதிலாக அலட்சியத்துக்குத் துணைபோகிறது, ஏனென்றால் எல்லாப் பாவத்தையும் கழுவுபவளை அழுக்கு என்ன செய்துவிடும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பார்கள். வள்ளுவர் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைச் சொன்னதைக்கூட, நிலம் எதையும் தாங்கும் என்று நமக்கு வசதியாகப் படித்துக்கொண்டோம். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சமயம் முழுவதையும் சாராது. எங்கெல்லாம் வழிபாடு எடுப்பது, கொடுப்பது, கரைப்பது என்ற வடிவில் மட்டும் நின்றதோ அங்கெல்லாம் புனிதம் பொருளைக் காக்கத் தவறியது. விட்டுவைப்பதை விதியாகக் கொண்ட இடங்களில் காத்திருக்கிறது. தமிழகத்தில் அய்யனாரையும் அம்மனையும் சுற்றி நிற்கும் கோயில் காடுகளே அதற்குச் சாட்சி. ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாட்டால், சுற்றிலும் மொட்டையான நிலத்தின் நடுவே பழைய மரமும் கொடியும் அங்கே பிழைத்துக் கிடக்கின்றன. ஆக நம்மிடம் இரண்டு மரபுகள் உள்ளன. நந்தவனம் கையால் நட்டுப் பறித்துக் கொடுப்பது; கோயில் காடு கை வைக்காமல் விட்டுவைப்பது. சரிவின் குறுக்கே நிற்கும் வெட்டிவேர் வரிசை இரண்டையும் ஒன்றாக்குகிறது. நந்தவனம் போல அதை நட வேண்டும். கோயில் காடு போல அதன் வேரை விட்டுவைக்க வேண்டும். மேலே வளரும் தாளை முழங்கால் உயரத்துக்கு விட்டு அறுத்து, மாட்டுக்குப் போடலாம், கூரை வேயலாம், மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம். கீழே இருப்பதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் விரதம்.

இயற்கையின் போக்கைச் சுட்டி ஒரு மறுப்பு எழலாம். மண் ஓடுவது உலகம் தோன்றிய நாள் முதல் நடப்பது. மலை தேய்ந்துதான் சமவெளி வந்தது. கண்மாயில் சேரும் கரம்பையை வண்டியில் அள்ளிவந்து வயலுக்கு அடித்தவர்கள்தானே நம் முன்னோர்? மேட்டுக்காரன் இழந்தது பள்ளத்துக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தத்தில் யாருக்கு நட்டம்? முன்னே சொன்ன 1983 கணக்கும் இதற்குச் சாதகம் போலவே தோன்றும். பெயர்ந்த மண்ணில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு அணைகளில் படிகிறது, மீதி 61 விழுக்காடு நிலத்திலேயே இடம் மாறுகிறது. ஆனால் இடம் மாறுவது என்றால் பயனுள்ள இடத்துக்குப் போவது என்று பொருளில்லை. கண்மாயின் கொள்ளளவைக் குறைத்து, மடையை அடைத்து, வாய்க்காலை மேடாக்கி நிற்பதும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. கரம்பை அள்ளிய மரபு இழப்பைச் சரிக்கட்டிய மரபு; அதையே இழப்புக்கு நியாயமாகக் காட்ட முடியாது. அள்ளும் பழக்கம் தளர்ந்த ஊர்களில் அந்தச் சரிக்கட்டலும் நின்றுவிட்டது. மலை தேய்வதும் உழுத சரிவு கரைவதும் ஒரே செயல்போல இருக்கலாம், வேகம் வேறு. ஆயிரம் ஆண்டில் உருவானது சில பத்தாண்டில் போவதை இயற்கையின் போக்கு என்று சொல்வது, செய்தவன் தன் பெயரை மறைத்துக்கொள்ள இயற்கையின் பெயரைப் போட்டுக்கொள்வதுதான்.

இதெல்லாம் உழவன் தன் லாபத்துக்குச் செய்வது, இதில் பூசை எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்குப் புல்வேலியின் வடிவத்தையே விடையாகக் காட்டலாம். நம் நிலங்கள் பாகப்பிரிவினையில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நீள நீளமாகக் கிழிபட்டவை. நீரோ பட்டா எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு மட்டக்கோடு நான்கு பேர் நிலத்தைக் குறுக்கே கடந்துதான் போகும். மூவர் நட்டு, ஒருவர் விட்டுவிட்டால் நீர் அந்த இடைவெளியைத் தேடிப் போகும். பள்ளம் விழுவது விட்டவர் நிலத்தோடு நிற்காமல் அவருக்குக் கீழே இருப்பவரின் நிலத்தையும் அறுக்கும். மேட்டில் இருப்பவர் நடும் வேலியின் பலனில் பெரும்பங்கு பள்ளத்தில் இருப்பவருக்கும், அதற்கும் கீழே உள்ள கண்மாய் ஆயக்கட்டுக்கும் போகிறது. கணக்குப் பார்க்கிறவர் நட மாட்டார் என்பதற்கு இதுவே காரணம். இந்தியாவில் இந்தப் புல் பிறந்த மண்ணிலேயே அது பரவலாகாமல் போனதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முன்பின் தெரியாத கீழ்நிலத்துக்காரனுக்காகத் தன் காட்டில் ஒரு கோட்டை ஒதுக்குவது கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு சொந்த உணர்வு இருந்தால்தான் நடக்கும். அந்த உணர்வைச் சமயம் தரவில்லை என்றால் வேறு எதற்குச் சமயம்? தனக்கும் லாபம் வருகிறது என்பதால் அது தொண்டு ஆகாமல் போய்விடாது. பிரசாதம் கொடுத்தவருக்கே திரும்பி வருகிறது, அதனால் அதை யாரும் வியாபாரம் என்று சொல்வதில்லை.

புல்லுக்கும் எல்லை உண்டு, அதை மறைப்பது வாதத்துக்குத் துரோகம். வெட்டிவேர் நிழலைத் தாங்காது. கிளை முட்டிய பழைய மாந்தோப்பின் நடுவே நட்டால் நாளடைவில் மெலிந்து மறையும். தோப்பின் ஓரம், புதுக் கன்று வைத்த சரிவு, மேட்டுப் புஞ்சை, ஓடைக்கரை, கண்மாய்க் கரையின் வெளிச்சரிவு போன்ற வெயில் படும் இடமே அதற்கு ஏற்றது. ஏற்கெனவே ஆள் உயரத்துக்கு அறுந்துபோன ஓடையைப் புல் மட்டும் அடைத்துவிடாது, கல்லடுக்கும் தடுப்பும் வேண்டும். முதல் ஆண்டு நீர் விட்டு, பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்தால்தான் வரிசை மூடும். ஒருநாள் விழா எடுத்து நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனால் முதல் ஐப்பசியிலேயே பல்லிளிக்கும். நோன்புக்கு உள்ள குணம் இதற்கும் உண்டு: ஒருநாள் உற்சாகத்தால் அது நிறைவேறாது.

எடுத்துக் கொடுப்பதோடு விட்டுவைப்பதும் வழிபாடு என்பது ஏற்கத்தக்கதென்றால் அதை முதலில் ஏற்க வேண்டியவர் உழவர் அல்ல, கோயில்தான். இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்குத் தமிழகத்தில் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் சரிவும் மேடும் புஞ்சையும் உண்டு, பெரும்பாலும் குத்தகையில். தெய்வத்தின் பெயரில் பட்டா உள்ள நிலத்திலிருந்து மண் கழுவிப் போவது சட்டப்படியே தெய்வத்தின் சொத்து கரைவது. சிலை காணாமல் போனால் பதறுகிற நாம் இதற்குப் பதறுவதில்லை. குத்தகை ஓலையில் ஒரு வரி சேர்க்கலாம்: சரிவு நிலம் எடுப்பவர் மட்டக்கோட்டில் வெட்டிவேர் வரிசை நட்டுப் பேண வேண்டும், வேரைத் தோண்டக் கூடாது, ஈடாகக் குத்தகையில் இத்தனை தள்ளுபடி. விதை இல்லாத புல்லுக்கு நாற்று எங்கே என்றால், கோயில் நந்தவனங்களே இருக்கின்றன. பூச்செடிகளுக்கு ஓரமாக ஒரு பாத்தி ஒதுக்கினால், தூர் பிரித்துத் தர ஒரு பருவத்துக்குள் தயாராகிவிடும். மம்சாபுரம் போன்ற அடிவாரத்து ஊரில், கோயிலில் பாத்தி போட்டு வளர்த்த நாற்றை நான்கு பட்டாக்காரர்கள் சேர்ந்து ஒரே கோட்டில் நடுவதற்குச் சட்டமோ மானியமோ வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலைக்கு வேர் கடலூரிலிருந்து வந்துகொண்டே இருக்கட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. தன் சரிவைக் கரையவிட்டுக்கொண்டே அந்த மாலையைச் சாத்துகிறவர், அதே வேரை நிலத்தில் நிறுத்தி வைப்பதும் அதே சந்நிதிக்குரிய வேலைதான் என்று ஒப்புக்கொள்ளாத வரை, பாதிப் பூசையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.